சிவப்புக் கோட்டுக்குக் கீழே

றேமண்ட் வலக்கையை நீட்டினானோ இல்லையோ, கேற் அலறத் தொடங்கியது. சிவப்பு லைற் எரிந்தது, பெல்ட் ஒரு குலுங்குக் குலுங்கி நின்றது. காலையிலிருந்து இதே கூத்துத்தான். பெல்ட்டில் கிடந்த கல்லையெல்லாம் கிண்டிப் பார்த்தாயிற்று. ஆணி இல்லை, கம்பி இல்லை, ஒரு சோடா மூடிகூட இல்லை. கடைசியில் சுப்பர்வைசர் டெரிக் கல்லைப் பார்ப்பதை விட்டு, றேமண்டின் கையைப் பார்த்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தையல் தழும்பு ஓடுகிற கை.

"மச்சான், உள்ளுக்கு என்ன வச்சவங்கள்?"

"பிளேற்."

"இரும்போ?"

"பின்ன, பலகையே வைப்பாங்கள்?"

முகத்துவாரத்தில் இருக்கிற அந்த யார்ட்டுக்கு, வெள்ளவத்தையிலும் கிருலப்பனையிலும் இடிக்கிற பழைய வீடுகள் லொறி லொறியாக வரும். பெல்ட்டில் ஏறி, கிறஷருக்குள் விழுந்து, சல்லிக்கல்லாகி, அதே தெருக்களில் எழும்புகிற மாடிகளுக்குத் திரும்பிப் போகும். வீடென்றால் இரும்பு இல்லாமல் இருக்குமா? அதற்குத்தான் கேற். பெல்ட்டுக்கு மேலாகக் கவிந்து நிற்கிற சட்டம் அது. இரும்பு வந்தால் கண்டுபிடித்துக் கத்தி, பெல்ட்டை நிறுத்திவிடும். நிறுத்தத் தவறினால் இரும்பு கிறஷரின் வாயில் போய் இறுகும். அதைப் பிடுங்க ஒரு மனிதன் உள்ளே கையை விடவேண்டும்.

போன வருசம் வரை அந்த மனிதன் றேமண்ட்தான். அப்போது ஓடர் மலைபோலக் குவிந்திருந்தது. கேற் சும்மா சும்மா பெல்ட்டை நிறுத்துகிறது என்று மனேஜர் வரதராசா எரிந்து விழுந்தார்; பக்கத்துப் பெட்டியில், கேற்றின் மோப்பத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகியைக் குறைக்கச் சொன்னார். டெரிக் குறைத்தான். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். அன்றைக்கு மணியோசை வரவில்லை, யானைதான் வந்தது. ஒரு ஜன்னல் கம்பி வாயில் இறுகிவிட்டது. மெஷினை நிறுத்திவிட்டுத்தான் றேமண்ட் அதை இழுத்தான். இறுகிக் கிடந்த உருளை ஒருக்கால் திமிறியது, அவ்வளவுதான். முன்கை எலும்பு இரண்டும் போயிற்று. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் பையோடு வந்த வரதராசா, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போயிட்டுது எண்டு நினையும்" என்றார். றேமண்டின் கை அவருக்குத் தலைப்பாகை! மனுசன் நல்லாயிருக்கட்டும்.

அதற்குப் பிறகுதான் திருகியை மறுபடி ஏற்றினார்கள். இனி இதற்குக் கீழே இறக்கக் கூடாது என்று பெட்டியில் சிவப்புப் பெயின்ற்றால் ஒரு கோடும் போட்டார்கள். அந்தக் கோடு தன்னுடைய எலும்பைக் கொடுத்து வாங்கியது என்று றேமண்டுக்கு உள்ளூர ஒரு பெருமைகூட உண்டு. இனிக் கிறஷரில் நிற்கிறவனுக்காவது கை மிஞ்சும்.

பாரம் தூக்க ஏலாத கைக்கு, கேற்றடியில் நின்று பலகைத் துண்டும் பொலித்தீனும் பொறுக்குகிற வேலை. அதுவும் அவனுடைய மனைவி பிறிஜெற் வரதராசாவின் வீட்டுப் படியேறி அழுது வாங்கியது. இன்றைக்குத்தான் முதல் நாள். இடக்கையால் மட்டும் பொறுக்கிப் பார்த்தான்; பெல்ட் ஓடுகிற ஓட்டத்துக்கு ஒரு கை காணாது. வலக்கை தன்பாட்டில் நீளும், கேற் அலறும்.

வரதராசா மேல்மாடிக் கந்தோரிலிருந்து இறங்கி வந்தார். "றேமண்ட், இதில நிக்க ஏலாதெண்டா உமக்குக் குடுக்க என்னட்ட வேற வேலை இல்லை. பின்னேரத்துக்குள்ள ஒரு முடிவு எடுப்பம்." சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். அன்றைக்கு இந்தா பெரிய கம்பியைக் கண்டுகொள்ளாத கேற்றுக்கு, அந்தக் கம்பியால் வந்த தகடு மட்டும் தோலுக்குள்ளே இருந்தும் தெரிகிறதாம்! றேமண்டுக்குக் கேற்றின் முகத்தில் காறித் துப்பவேண்டும் போலிருந்தது. அதற்கு முகம் எங்கே இருக்கிறது?

மத்தியானச் சாப்பாட்டு நேரம் டெரிக் வந்து பக்கத்தில் குந்தினான்.

"கொஞ்சம் குறைச்சு விடட்டே மச்சான்? உன்ர கை கேக்காத அளவுக்கு மட்டும்."

"கோட்டுக்குக் கீழயோ?"

"கோடு நாங்க போட்டதுதானே. சேர் கண்டும் காணாத மாதிரி இருப்பார். அவருக்குப் பெல்ட் ஓடினாக் காணும்."

"கிறஷரில மஜீட் நிக்கிறான்."

"கவனமா நிக்கச் சொல்லி அவனுக்குச் சொல்லுறன்."

"எனக்கும் அப்பிடித்தான் சொன்னனி."

டெரிக் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு, "நீ வேணாமெண்டா நான் தொடமாட்டன். நீயே சொல்லு" என்றான்.

பாவத்தைப் பங்குபோடத் தெரிந்தவன். றேமண்டுக்குப் பிறிஜெற்றின் முகம் வந்தது. அவன் படுத்துக் கிடந்த மாதங்களில் செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினவள். காலையில் வாசலில் நின்று, "என்ன சொன்னாலும் வாயைத் திறக்காம வேலையச் செய்யுங்க" என்று கெஞ்சினவள். றேமண்ட் வாயைத் திறக்கவில்லை. சரியென்று தலையை மட்டும் ஆட்டினான். டெரிக் எழுந்து கையைக் கழுவிவிட்டுப் பெட்டியடிக்குப் போனான்.

பின்னேரம் முழுக்கக் கேற் மூச்சுக் காட்டவில்லை. தேத்தண்ணி நேரம் மஜீட் இரண்டு பிளேன்ரீயோடு வந்தான். போன வருசம் றேமண்ட் விட்ட இடத்துக்கு வந்தவன். கலியாணம் முடித்துக் கொஞ்சக் காலம்தான்.

"காலேல என்னா கத்து கத்திச்சி! இப்ப சத்தத்தக் காணமே அண்ணே. கல்லு சுத்தமா வருது போல. ஒங்களுக்கு ராசியான கை."

"மஜீட்..." தேத்தண்ணி நாக்கைச் சுட்டது. "கவனமா நில்லு."

மஜீட் சிரித்தான். "நீங்க கேற்றடில நிக்கக்குள்ள எனக்கென்ன பயம்?"

பெல்ட் மறுபடி ஓடியது. யாரோ ஒருவருடைய குசினிச் சுவர் நீலப் பெயின்ற்றோடு போயிற்று. பிறகு ஒரு வாசற்படி. கேற் பேசாமல் எல்லாவற்றையும் விட்டது. கொஞ்ச நேரத்தில் கிறஷரின் சத்தம் மாறியது. கல்லைக் கடிக்கிற சத்தம் இல்லை அது. றேமண்டுக்குத் தெரியாத சத்தமா?

வலக்கையை முழங்கை வரை கேற்றுக்குள் திணித்தான். "கத்து சனியனே, கத்து" என்றான். லைற் எரியவில்லை.

அந்தப் பக்கத்தில் மஜீட் கிறஷரை நிறுத்தினான். யார்ட் முழுக்க ஒரே அமைதி. மெல்லக் கூப்பிட்டாலே கேட்கும். டெரிக் பெட்டியடியில் நின்று றேமண்டைப் பார்த்தான். மேலே கந்தோர் ஜன்னல் திறந்திருந்தது. கை கேற்றுக்குள் கிடக்க, றேமண்ட் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. மஜீட் மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, சேட்டுக் கையை மேலே சுருட்டிக்கொண்டிருந்தான்.