குருட்டுத் துறையில் இரண்டு கறுப்புடை

மரூசாவுக்குக் கடல்மேல் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு வாயாடுவதுதான் அவளுக்குப் பிடிக்கும். அந்தத் தீவுப் பெண்கள் எல்லாருமே அப்படித்தான். மதியத் தூக்கம் முடிந்து காபியும் குடித்தானதும், தலையில் வைக்கோல் தொப்பியோடு துறைமுக ஓரத்தில் இறங்கிவிடுவார்கள். நீந்துகிறவள் ஒருத்தியும் இல்லை. எந்த வீட்டு மருமகள் கத்தரிக்காயைக் கருக்கினாள் என்பதில் தொடங்கி ஊர்க்கதை அத்தனையும் அங்கேதான் அலசப்படும்.

பிப்ரவரியில் அவள் புருஷன் லெஃப்தேரிஸ் செத்துப்போனான். அன்றிலிருந்து கறுப்பு. கறுப்புடுத்தியவள் கடலில் இறங்கலாகாது. சும்மா இருந்தவளிடம் அதைச் சட்டமாக நிறுத்தியவள் நாத்தனார் அர்கீரோ.

"என் தம்பி மண்ணுக்குள்ள கிடக்கான். நீ தண்ணியில கும்மாளம் போடலாம்னு பாக்காத, சொல்லிட்டேன்" என்று நாற்பதாம் நாள் சடங்கில், செத்தவர் நினைவாக அவித்த கோதுமையைப் பங்கிடும்போதே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அதுவரை மரூசா கடலை நினைத்துக்கூடப் பார்த்திருக்கவில்லை.

கோடை வந்தது. தொப்பிக்காரிகள் அவள் ஜன்னலுக்குக் கீழேயே சிரித்துக்கொண்டு போனார்கள். யாரும் கூப்பிடவில்லை, துக்கக்காரியைக் கூப்பிட்டால் பாவமாம். லெஃப்தேரிஸ் இருந்தபோதும் அதிகம் பேசியவனில்லை. ஆனாலும் குறட்டையாவது விடுவான். இப்போது வீட்டில் அதுவும் இல்லை. ஒரு மனுஷக் குரலுக்காக அவளுக்குக் காது ஏங்கியது.

ஒருநாள் சுள்ளி பொறுக்கப் போகிறவள் போல மலைக்குப் பின்னால் இருக்கும் குருட்டுத் துறைக்கு நடந்தாள். ஊரிலிருந்து பார்த்தாலும் தெரியாது, படகிலிருந்து பார்த்தாலும் தெரியாது. அதனால் அந்தப் பெயர். காற்றில் வளைந்த ஒற்றை மரத்தடியில் உடையைக் கழற்றி வைத்துவிட்டு உள்பாவாடையோடு இறங்கினாள். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. நின்றாள். கொஞ்ச நேரத்திலேயே சலித்துப்போயிற்று. இவ்வளவு தூரம் நடந்து வந்ததற்குக் கிடைத்தது வெறும் தண்ணீர்தான்.

கரையேறி உடையை மாட்டினால், அது தோளில் நிற்காமல் வழிந்தது. கைகள் சட்டைக்குள் காணாமல் போயின. துக்கம் ஆளை இளைக்க வைக்கும் என்பார்கள், ஒரே முழுக்கிலா?

"ஏய், அது என்னோடதுடீ!"

பாறைக்குப் பின்னாலிருந்து சொட்டச் சொட்ட எட்டிப் பார்த்தது அர்கீரோவின் தலை. மரூசாவின் உடை மரத்தின் மறுபக்கம் மடித்தபடியே இருந்தது. ஊருக்குத்தான் உபதேசம்!

மரூசாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிப்ரவரிக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். அர்கீரோ சிரிக்கவில்லை.

"நீ என்னைப் பாக்கல."

"பாக்கல மதினி."

"நானும் உன்னைப் பாக்கல. கழட்டு அதை."

உடையைக் கொடுத்துக்கொண்டே மரூசா ஆசையை அடக்க முடியாமல் கேட்டாள்: "வாங்களேன் மதினி, ரெண்டு பேருமா கொஞ்ச நேரம் நிப்போம். உங்க தம்பி சின்ன வயசுல எப்படி நீந்துவாருன்னு சொல்லுங்க. எனக்கு யாரு சொல்லுவா?"

அர்கீரோவின் பார்வை தண்ணீர்ப் பக்கம் போயிற்று. ஒரு கணம்தான். "ஒருத்தியா வந்தா சுள்ளிக்குப் போறான்னு விட்டுருவாங்க. சேந்து வந்தா ஊரு கண்ணுல படும். செவ்வா, வெள்ளி எனக்கு. புதன், சனி நீ வா. தலைய நல்லாத் துவட்டிட்டுப் போ."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் மேடேறிப் போய்விட்டாள்.

அன்று மாலை ரொட்டிக்கடையில் அர்கீரோ எல்லாருக்கும் கேட்க உச்சுக்கொட்டினாள். "பாவம் எங்க மரூசா. கடல் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கறதில்ல." பெண்கள் இரக்கத்தோடு பார்த்தார்கள். மரூசா ரொட்டியை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து வந்தாள். அழுகையாக வந்தது.

புதன்கிழமை குருட்டுத் துறையில் யாரும் இல்லை. மரூசா கழுத்தளவுத் தண்ணீரில் நின்றாள்.

"இன்னிக்குத் தண்ணி சில்லுனு இருக்கு, இல்ல?" என்றாள் சத்தமாக.

கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, அர்கீரோவின் கட்டைக் குரலைத் தன் தொண்டையில் வரவழைத்துக்கொண்டு, "நேத்து இதைவிடச் சில்லுனு இருந்துச்சுடீ" என்று பதிலும் சொன்னாள்.