பாலன் குடிலில் ஒரு டவர்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மார்கழியில் சென் ஜேம்ஸ் ரவுணில் அமிர்தநாதர் வீட்டில் கிறிஸ்து பிறப்புக்குக் கட்டிய பாலன் குடிலைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிச் சிரித்துக் கதைப்பார்கள். மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால், மூன்று இராசாக்களும் ஒட்டகமும் வருகிற வழியில், அந்த நகரத்தின் வானுயர்ந்த கோபுரமான சி.என். டவர் நின்றது.

அந்த ஐப்பசியில்தான் அவருடைய மனைவி யூஜினியும் ஆறு வயது மகள் ஸ்டெபனியும் மன்னாரிலிருந்து வந்து சேர்ந்திருந்தார்கள். பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போது ஊரைவிட்டு வெளிக்கிட்டவர் அமிர்தநாதர். விமான நிலையத்துக்கு வந்த யேசுரட்ணத்தையும் மற்றக் கூட்டாளிகளையும் ‘அங்கிள்’ என்று கூப்பிடச் சொன்னார்கள். ஸ்டெபனி வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் நின்ற தகப்பனுக்கும் அதையே சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் மார்கழி வந்தும் அது மாறவில்லை.

"அப்பா எண்டு சொல்லடி," என்று யூஜினி கிள்ளுவாள்.

"அப்பா படத்தில இருக்கிறார்," என்பாள் பிள்ளை.

அதிலும் நியாயம் இருந்தது. மன்னார் வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு படம்: அடர்ந்த மீசையோடு மெலிந்த ஒரு மனிதன், அவனுக்குப் பின்னால் டவர். இரவுச் செபம் முடிய அதற்கு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் படுப்பாள். இங்கே இருந்தவருக்கோ மீசையும் இல்லை, முன்தலையில் மயிரும் இல்லை. ஆனால் பதினைந்தாம் மாடி யன்னலால் டவரைக் கண்டதும், "அந்தா, அப்பாவின்ர டவர்!" என்று துள்ளினாள்.

"டவரைக் கண்டவுடன மட்டுக்கட்டினவளுக்கு என்னை மட்டுக்கட்டத் தெரியேல்லை, பாத்தீரே," என்று அமிர்தநாதர் மனைவிக்குப் பகிடியாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போனவர் கனநேரம் வெளியே வரவில்லை.

நத்தாருக்குக் குடில் கட்டும்போது, அந்த டவரையும் கட்டுவோமா என்று பிள்ளையைக் கேட்டது அதனால்தான்.

"பெத்லகேமில எங்க இருந்தது உந்த டவர்?" என்றாள் யூஜினி.

"பெத்லகேமில பனி கொட்டினதோ? நீர் கொட்டிலுக்கு மேல பஞ்சு ஒட்டுறீர்!"

யூஜினி பஞ்சுப் பொட்டலத்தோடு குசினிக்குள் போய்விட்டாள்.

கோதுமைமாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் நல்ல பசை. கடை விளம்பரத் தாள்களில் அதைப் பூசி இறுக்கிச் சுருட்டினால், காய்ந்ததும் தடிபோல நிற்கும். அது டவரின் நடுத்தண்டு. ஆனால் தண்டு மட்டும் என்றால் ஊதினாலே விழுந்துவிடும். உண்மையான டவருக்கு மூன்று கால்கள் உண்டு. அடியில் அகன்று, மேலே போகப் போகத் தண்டோடு ஒடுங்கிவிடும். கோர்ன்பிளேக்ஸ் பெட்டியை நீள முக்கோணங்களாக வெட்டித் தண்டைச் சுற்றி ஒட்டினார்.

"மணிக்கூட்டைப் பார். பன்னிரண்டில ஒரு கால், நாலில ஒண்டு, எட்டில ஒண்டு. ஏன் சொல்லு?"

"ஏன் அங்கிள்?"

"எந்தப் பக்கம் சாயப் பாத்தாலும் ஒரு காலாவது முண்டு குடுக்கும். ஊதிப் பார்."

கன்னம் உப்ப ஊதினாள். டவர் அசையவில்லை. அடிக்கு ஒரு பிஸ்கட் ரின் நிறைய அரிசி போட்டுக் கால்களைப் புதைத்தார். பாரம் கீழே கிடந்தால்தான் உயரம் மேலே நிற்கும். கொங்கிறீற் இறுக இறுக அச்சு மேலே ஏறிக்கொண்டு போன கதையையும், உச்சிக் கம்பியை ஹெலிகொப்டர் தூக்கிவந்து பூட்டிய கதையையும் சொன்னார். வாயைத் திறந்தபடி கேட்டுவிட்டு, "பிறகு, அங்கிள்?" என்றாள். அவர் பிறகு நடந்ததைச் சொன்னார்.

இனி டவரின் கழுத்தில் இருக்கிற வட்டக் கூடம். அது அகலமாகவும் வேண்டும், பாரமில்லாமலும் வேண்டும். பாரம் கூடினால் தலை கவிழ்ந்துவிடும். காகிதக் கோப்பை தொய்ந்தது. தயிர்ப் பேணி உயரம் கூடிப்போயிற்று. யூஜினி உடுப்புத் தோய்க்கக் கீழே போயிருந்தாள். குசினி அலுமாரியில், அவள் மன்னாரிலிருந்து சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்த பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டுகள் இருந்தன. இரண்டை எடுத்து வாயோடு வாய் வைத்துப் பார்த்தார். அச்சொட்டாக அதே வடிவம்! ஸ்குறூட்றைவரை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, தண்டு நுழைய இரண்டின் நடுவிலும் குத்தினார். புகை கிளம்பியது.

ஸ்டெபனி இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். கதவு திறந்த சத்தம் கேட்டதும் ஒரே ஓட்டம்.

"அம்மா! அம்மா! இடியப்பத் தட்டில அப்பா ஓட்டை போட்டிட்டார்! ரெண்டிலயும் போட்டிட்டார்!"

"ஐயோ, என்ர தட்டு!" என்று உடுப்புக்கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்த யூஜினி, பேச வாயைத் திறந்தாள். நிலத்தில் முழங்காலில் நின்றவர் தட்டைப் பிடித்தபடி பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். யூஜினி வாயை மூடினாள்.

"ஆர் போட்டதாம்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா!"

"வடிவாச் சொல்லு, எனக்குக் கேக்கேல்லை."

"அப்பாதான்! இவர்தான்!" என்று ஸ்டெபனி விரலை நீட்டிக் கத்தினாள், எப்படியும் அடி வாங்கிக் கொடுக்கிற ஆவேசத்தோடு.

அமிர்தநாதர் குற்றத்தை மறுக்கவில்லை.