ஜன்னலோரம் கலந்த தண்ணீர்

கலியபெருமாள் மஞ்சள் பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்து அரீபாவின் மேசைமேல் வைத்தார்.

"பஞ்சாயத்துல குடுத்து அனுப்புனாங்கம்மா. தண்ணி கெட்டதுன்னு நீ எழுதிக் குடுத்தா, நானே போயி எங் கெணத்து மூடியில இதப் போடணுமாம். நாப்பது வீடு குடிக்கிற தண்ணி."

அணுமின் நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் கிணற்று நீர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அரீபா வேலை பார்த்த சோதனைக்கூடத்துக்கு வரும். அந்த 2006 மே மாதத்தில்தான் கலியபெருமாளின் கிணறு பட்டியலில் சேர்ந்திருந்தது. முடிவைக் கையோடு வாங்கிப் போக அவரே வந்துவிட்டார்.

அரீபா தேடுவது டிரிட்டியம். ஹைட்ரஜனின் கதிர்வீசும் உடன்பிறப்பு அது, தண்ணீரோடு தண்ணீராகிவிடும். காய்ச்சினாலும் போகாது, வடிகட்டினாலும் போகாது. அதைப் பிடிக்க, நீரை ஒரு திரவத்தோடு சின்னக் குப்பியில் கலப்பார்கள். டிரிட்டிய அணு ஒன்று சிதையும்போது அந்தத் திரவம் மினுக்கென்று ஒளிவிடும். இயந்திரம் இருட்டறைக்குள் குப்பியை வைத்து மினுக்குகளை எண்ணும்.

டிரிட்டியமே இல்லாத ஒப்பீட்டுக் குப்பியிலும் நிமிடத்துக்கு ஆறு மினுக்கு வரத்தான் செய்யும். கலியபெருமாளின் குப்பியில் இருநூற்றுப் பத்து.

"ஜாஸ்தியா?"

"ஜாஸ்திதாண்ணே."

அவர் பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அதுக்குள்ள என்ன அவசரம்? இன்னொரு வாட்டி எண்ணட்டும்" என்றாள் அரீபா.

அரை மணி கழித்து எண்ணியபோது நூற்று இருபது. அரீபாவின் முகம் தெளிந்தது.

"டிரிட்டியம் பாதியாக் கொறைய பன்னெண்டு வருசம் ஆவும்ணே. அரை மணியில கொறைஞ்சா அது டிரிட்டியம் இல்ல."

"அப்ப எது மினுக்குது?"

அவள் யோசித்தாள். ஒப்பீட்டுக் குப்பி நேற்றே கலந்தது. ராத்திரி முழுக்க இயந்திரத்துக்குள் இருட்டில் இருந்தது. இவருடையதைக் கலந்தது இன்று காலை. அப்போது கரண்ட் இல்லை. இயந்திரம் யூ.பி.எஸ்ஸில் ஓடியது, விளக்குகள் எரியவில்லை. அளவுக்கோடு தெரியவேண்டுமென்று ஜன்னலோரம், நல்ல வெயிலில் கலந்தாள். வெயில் பட்ட திரவம், இருட்டுக்குள் போன பிறகும் கொஞ்ச நேரம் தானாகவே ஒளிவிடும்.

"தப்பு என்னுது. சும்மா நம்பவேணாம், காட்டறேன்."

ஒப்பீட்டுக்கு வைத்திருந்த வேற்றூர் ஆழ்துளைக் கிணற்று நீரையே புதுக் குப்பியில் கலந்து ஜன்னலில் வைத்தாள். பத்து நிமிடம் கழித்து எண்ணினாள். நூற்றுத் தொண்ணூறு.

"இது எங்க ஊரு தண்ணியே இல்லியே!" என்றார் கலியபெருமாள்.

"அதான்ணே. ரெண்டும் இருட்டுலயே கெடக்கட்டும். நீங்க போயி சாப்ட்டு வாங்க."

அவர் சாப்பிடப் போகவில்லை. இயந்திரத்தின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணையும் சத்தமாக வாசித்தார். அறுபது. இருபத்திரண்டு. பதினொன்று. மூன்றரை மணிக்கு இரண்டு குப்பிகளும் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே வந்து நின்றன. அதற்குப் பிறகு எத்தனை முறை எண்ணியும் அசையவில்லை.

கிணற்று நீரில் டிரிட்டியம் தென்படவில்லை என்று எழுதி அரீபா கையெழுத்துப் போட்டாள். முதல் எண்ணிக்கையையும் அது ஏன் செல்லாது என்பதையும் கீழே சேர்த்தாள். "ஆகஸ்டுல மறுபடி தண்ணி அனுப்புங்க. ஒரு தடவ பாத்தது போதாது."

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பூட்டை மேசைமேல் வைத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"இத அந்த ஜன்னலுக்குப் போடும்மா."

"பஞ்சாயத்துப் பூட்டுண்ணே, திருப்பிக் கேப்பாங்க."

"கேட்டா இங்க அனுப்பறேன். வெயிலு கதையச் சொல்லி நீயே குடு."