பயந்தவர்களின் எடை

பாலம் விழப்போகிறது என்று செய்தி வந்த வியாழக்கிழமை காலையில் காய்கறிக்கடைக்காரரின் எடை எழுபத்தொரு கிலோவிலிருந்து நூற்று அறுபதுக்கு ஏறியது. ஆள் பருக்கவில்லை; சட்டைப் பொத்தான்கூட இறுகவில்லை. உட்கார்ந்த முக்காலி முறிந்ததும் சந்தேகப்பட்டு, மூட்டை நிறுக்கும் தராசில் ஏறிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். தராசு கெட்டுவிட்டது என்று நினைத்து மனைவியை ஏறச் சொன்னார். நூற்று நாற்பத்திரண்டு. மதியத்துக்குள் ஆற்றின் இந்தக் கரையில் கட்டில்கள் ஒடிந்தன, மாடிப்படிகள் விரிசல் விட்டன, தபால்காரரின் சைக்கிள் சக்கரம் எட்டாக மடங்கியது. பயம் எடையாக இறங்குகிறது என்பதைச் சாயங்காலத்துக்குள் எல்லாரும் புரிந்துகொண்டார்கள். புரிந்ததில் இன்னும் கொஞ்சம் கூடினார்கள்.

செய்தி என்பது கைபேசிகளில் சுற்றிய ஒரு படம். பாலத்தின் குறுக்கே விரல் நுழையும் அகலத்தில் ஒரு பிளவு; அடியில், அடுத்த வாரம் தாங்காது, அதிகாரிகள் மறைக்கிறார்கள், பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள் என்று நாலு வரி. அந்தப் பிளவைச் சுத்தியல் அக்காவுக்குத் தன் உள்ளங்கை ரேகைபோலத் தெரியும். நகராட்சியில் பாலங்களைச் சோதிப்பவள் அவள். பதினொரு வருடமாக மாதம் ஒருமுறை சின்னச் சுத்தியலால் அடிக்கு அடி தட்டி, காது கொடுத்துக் கேட்டு, குறிப்பெழுதிப் பெற்ற பெயர் அது. பாலம் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். அதற்காகக் கட்டும்போதே விட்ட இடைவெளியைத்தான் யாரோ படம் பிடித்திருந்தார்கள்.

கடையில் அவள் அதைச் சொன்னபோது, "நெருப்பில்லாம புகையுமாம்மா?" என்றார் காய்கறிக்கடைக்காரர்.

"புகையை யாருண்ணே பாத்தீங்க? படத்தைத்தானே பாத்தீங்க."

"நீ நகராட்சி ஆளு. வேற எப்படிச் சொல்லுவே?"

அவள் மட்டும் ஐம்பத்து நாலு கிலோவிலேயே நின்றாள். மறைக்க ஏதோ இருக்கிறவளுக்குத்தான் எடை கூடாது என்று ஊர் பேசியது.

நகராட்சித் தலைவர் அவளுடைய மூன்று பக்க அறிக்கையை இழுப்பறையில் போட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பாலத்தில் வண்டிகளை நிறுத்தினார். 'முன்னெச்சரிக்கை' என்று ஒரு பலகை வந்தது. விழாத பாலத்தை எதற்கு மூடுகிறார்கள் என்று கேட்டவர்களிடம் நகராட்சி அந்தப் பலகையையே காட்டியது. பலகையைப் படித்தவர்கள் ஆளுக்கு முப்பது கிலோ ஏறினார்கள். நடந்து போகிறவர்களை யாரும் தடுக்கவில்லை. தடுக்கத் தேவையும் இருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு அக்காவின் தங்கைக்குப் பனிக்குடம் உடைந்தது. புருஷன் கப்பல் வேலைக்குப் போயிருந்ததால் பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். அறுபத்து மூன்று கிலோ இருந்தவள் இப்போது இருநூற்றுப் பத்து. ஆஸ்பத்திரியோ அக்கரையில். படகுக்காரர் அவளை ஏற்றிப் பார்த்தார்; படகு விளிம்புவரை அமுங்கியது. "மன்னிச்சுக்கம்மா" என்று கைகொடுத்து இறக்கிவிட்டார். மிச்சம் இருந்தது பாலம்தான்.

ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் இருவரும் நடந்தார்கள். தங்கை வைத்த ஒவ்வொரு அடியும் தாரில் இரண்டு விரல்கடை புதைந்தது. அக்கா முன்னால் குனிந்து குனிந்து தட்டிக்கொண்டே போனாள். கணீர், கணீர் என்று பதில் வந்தது.

"கேட்டியா? கல்லு மாதிரி இருக்கு."

"உனக்கென்ன, நீ லேசா இருக்கே."

நட்டநடுவில், கீழே ஆறு இழுத்துக்கொண்டு ஓடும் இடத்தில், சுத்தியல் 'தொப்' என்றது.

அக்கா மறுபடி தட்டினாள். தொப். போன மாதம் அதே இடம் கணீரென்றிருந்தது, குறிப்பில் இருக்கிறது. படம்தான் சரியோ, பதினொரு வருடமாகக் காதைப் பொத்திக்கொண்டு தட்டினோமோ என்று நினைத்த கணத்தில் அவள் செருப்பு தாருக்குள் இறங்கியது. தோள்கள் கீழே இழுத்தன. சுத்தியலைத் தூக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது. பின்னால் தங்கை வலியில் முனகினாள். அக்கா மண்டியிட்டு, சுற்றிலும் தட்டி, சத்தம் மாறும் இடத்தையெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் கோடிழுத்தாள். கோடுகள் கூடியபோது ஒரு சாண் அகலத்தில் வட்டம் வந்தது. அதற்கு வெளியே எல்லாப் பக்கமும் கணீர்.

"அக்கா, என்ன சத்தம் அது?"

ஒன்றுமில்லை என்ற சொல் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. "உள்ள பொள்ளல். ஒரு சாண். மேல்பூச்சு விட்டிருக்கு. போன மாசம் இல்ல."

"அப்போ பாலம்?"

"விழாது. ஆனா பூசணும். அப்படியே விட்டா நாலஞ்சு வருஷத்துல கம்பி துருப்பிடிக்கும்."

தங்கை அக்காவின் கால்களைப் பார்த்தாள். தன்னுடையதைப் போலவே கணுக்கால்வரை இறங்கியிருந்தன.

"நீயும் பயந்துட்டியா?"

"ஆமா."

"பயந்துட்டும் விழாதுங்கிறியா?"

"பயந்துட்டும்தான் சொல்றேன்."

சேற்றிலிருந்து மாடு காலை உருவுவதுபோன்ற சத்தத்தோடு தங்கையின் வலது கால் வெளியே வந்தது. பிறகு இடது கால். அவள்தான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். அக்கரை வந்தபோது இருவரின் பயமும் தீர்ந்திருக்கவில்லை; ஆனால் நடக்கும் எடைக்கு இறங்கியிருந்தது. இரண்டரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது, இரண்டு கிலோ தொள்ளாயிரம். அதற்கு இன்னும் எந்தச் செய்தியும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

மறுநாள் அக்கா பலகையில் 'முன்னெச்சரிக்கை'யை அழித்துவிட்டு, பொள்ளல் எங்கே, எத்தனை அகலம், எந்தத் தேதியில் பூசப்படும் என்று எழுதினாள். இருக்கிற குறையை எழுதினால் கலவரமாகும் என்று தலைவர் பதறினார். ஆனால் பலகையைப் படித்தவர்கள் அங்கேயே நின்று லேசானார்கள். எல்லாரும் இல்லை, சிலர் இன்றுவரை நூற்றுப் பத்துக்குக் கீழே இறங்கவில்லை. அதற்குப் பிறகும் குழாய்த் தண்ணீரைப் பற்றி ஒரு வருடம், புது மின்மீட்டரைப் பற்றி ஒரு வருடம் என்று படங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஊர் கனப்பதும் லேசாவதும் மழையும் வெயிலும்போல் ஆகிவிட்டது. இப்போது அந்த ஊர்ப் பேருந்துகளில் 'அமர்வோர் நாற்பது பேர்' என்ற எழுத்துக்குக் கீழே 'பயந்தவர்கள் எனில் பதினான்கு பேர்' என்று அதே பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. நடத்துநர் படியில் நின்று கேட்பார். ஏறுகிறவர்கள் உள்ளதைச் சொல்லிவிட்டு ஏறுவார்கள்.