வளைவு வீட்டுக் கட்டில்

இத்தாலியின் லூக்கா நகரில் எங்கள் சதுக்கம் முட்டை வடிவம். எந்தக் காலத்திலோ மிருகச் சண்டை பார்க்க ரோமானியர்கள் கட்டிய அரங்கம் அது. சண்டை ஓய்ந்ததும் சனங்கள் அதன் வளைவுகளுக்குள்ளேயே சுவர் எழுப்பிக் குடியேறிவிட்டார்கள். அதனால் எங்கள் அறைகள் தெருப்பக்கம் அகலம், சதுக்கத்துப் பக்கம் ஒடுக்கம். பிறந்ததிலிருந்து அதிலேயே புழங்குகிற எங்களுக்கு அது உறைப்பதே இல்லை.

என் கணவர் ஒத்தாவியோ தச்சர். மகள் ஸெலிந்தாவின் கல்யாணத்துக்கு வால்நட் மரத்தில் கட்டில் செய்தார். எங்கள் வீட்டில் போட்டுப் பார்த்தோம். கண்பட்டுவிடும் போல அம்சமாக இருந்தது.

ஊர் வழக்கப்படி, கல்யாணத்துக்கு முந்தின நாள் எல்லோரும் பார்க்கக் கட்டிலை வண்டியில் கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டில் இறக்கினோம். நேர்த்தெருவில் நூல் பிடித்துக் கட்டிய வீடு. கட்டிலைச் சுவரோரம் போட்டதும்தான் கண்ணில் பட்டது. தலைமாடு அகலம், கால்மாடு குறுகல். பாவி மனுஷன் பழக்கதோஷத்தில் எங்கள் அறையின் கோணலைக் கட்டிலிலும் இறக்கியிருக்கிறார்.

சம்பந்தி ஆர்ஜியா இடுப்பில் கை வைத்தாள். "என்ன சம்பந்தி, உங்க வீட்டுக்காரரு ஒயினைக் குடிச்சிட்டு உளியைத் தொட்டாரா?"

வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கட்டிலு சரியாத்தான் இருக்கு. உங்க வீடுதான் கோணல்."

வாய்தான் பேசியது, உள்ளுக்குள் பயம்தான். கட்டில் திரும்பினால் கல்யாணமும் திரும்பின மாதிரிதான். ஸெலிந்தா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி இன்னும் போகல. தூக்கி ஏத்துங்க," என்றாள் ஆர்ஜியா.

மாப்பிள்ளை அமேதேயோ வாயே திறக்காத பிள்ளை. பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் நீட்டிப் படுத்தான். காலை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தான்.

"அம்மா, தலைமாட்டுல தாராளமா இடம் இருக்கு. கால்மாட்டுலதான் நகர வழியில்ல. சண்டை போட்டுத் திரும்பிப் படுத்தாலும் காலும் காலும் தொட்டுக்கிட்டே இருக்கும். குளிர்காலத்துக்கு வேற என்ன வேணும்? இது இங்கதான் இருக்கும்."

வீடே அதிரச் சிரித்தார்கள். ஸெலிந்தா வெட்கத்தில் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மூலையில் நின்ற ஆர்ஜியாவின் கணவர் நெரேயோ, கட்டிலருகே தலைகுனிந்து நின்ற என் கணவரைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "ஒத்தாவியோ, எங்களுக்கும் ஒண்ணு செஞ்சு தர்றீங்களா?"

"இந்த வயசுல ஆசையப் பாரு," என்று ஆர்ஜியா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் அவரை ஒரு போடு போட்டாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கிளம்பும்போது அவள் என்னை வாசலோரம் இழுத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்களுக்குச் செய்யறப்ப, கால்மாடு இன்னும் ரெண்டு விரக்கடை குறுகலா இருந்தாத் தப்பில்ல, சம்பந்தி."