தேதி சரியாக இருந்த படம்

சிறுத்தையின் பின்பாதி மட்டும்தான் படத்தில் இருந்தது. வாலும் ஒரு காலும் கொஞ்சம் புல்லும். நாற்பது வருடமாக யார் கண்ணிலும் படாத மிருகம் இந்தக் காட்டுக்குத் திரும்பி வந்துவிட்டதென்று வனத்துறை அலுவலகமே துள்ளிக் குதித்தது. எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. படத்தின் அடியில் தேதி சரியாக இருந்தது.

தேதி சரியாக இருப்பது ஒரு குற்றமா என்று கேட்பீர்கள். காட்டில் மரத்துக்கு மரம் கேமரா கட்டுவது என் கணவர். அதில் விழும் படங்களைக் கம்ப்யூட்டரில் பிரித்து அடுக்குவது நான். பேட்டரி மாற்றினால் அந்தப் பழைய கேமராவில் தேதி அழிந்து ஜனவரி ஒன்று, பன்னிரண்டு மணி என்று வந்து நிற்கும். கையோடு சரிசெய்ய வேண்டும். இந்த மனுஷன் இரண்டு வருடத்தில் ஒரு தடவையாவது செய்திருப்பாரா? மான், முயல், பன்றி எல்லாம் எங்கள் அலுவலகத்தில் புத்தாண்டு அன்றுதான் நடமாடும். நான்தான் தலையில் அடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருத்துவேன்.

பெரிதாக எதுவும் சிக்காவிட்டால் இந்த மாதத்தோடு கேமரா வேலையை நிறுத்துவதாகப் பேச்சு. நிறுத்தினால் அவர் வீட்டில் உட்கார வேண்டியதுதான். வேறு காடுகளில் எடுத்த சிறுத்தைப் படங்கள் அவர் போனில் குவிந்து கிடக்கின்றன. இரண்டையும் முடிச்சுப் போட எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. ‘சரிபார்த்தேன்’ என்று படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவளும் நான்தான். பொய்யென்று தெரிந்தால் என் வேலையும் சேர்ந்து போகும். அன்று ராத்திரி அவரிடமே கேட்டேன்.

“நீதானே தேதி வை, தேதி வைன்னு உயிரை எடுக்கறே. அதான் வெச்சேன்.”

“ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு பத்து வருஷமா சொல்றேனே, அதைக் கேட்டீங்களா?”

அவர் எழுந்துபோய்த் துண்டைக் கொடியில் போட்டார். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் பட்டது.

மறுநாள் காலையில் நானும் கூடவே கிளம்பினேன். ஓடைக்கரை மரத்தில் இருந்த கேமராவை அவிழ்த்துப் பார்த்தேன். பேட்டரி இறங்கியிருந்தது. “குடுங்க, நானே மாத்தறேன்” என்று பிடுங்கிப் புதியதைப் போட்டுத் திரும்பக் கட்டினேன். மாற்றியதும் யாராவது ஒருவர் மிருகத்தின் உயரத்துக்குக் குனிந்து, கேமரா முன்னால் தவழ்ந்து காட்ட வேண்டும். படம் விழும்போது சிவப்பு விளக்கு சிமிட்டுகிறதா என்று பார்க்க அதுதான் வழி. அவருக்கு முட்டி வலி. பையைத் தூக்கி வீசிவிட்டு நானே நாலு காலில் இறங்கினேன்.

“இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க. எந்தக் காட்டுப் படம் அது?”

“இதே காடுதான்.”

“பொய்!”

நாலாம் நாள் ரேஞ்சர் வந்தார். படிவத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. அன்று காலையில் கணவர் கொண்டுவந்த ஓடைக்கரை கேமராவின் கார்டை ரேஞ்சர் கண்ணெதிரிலேயே திறந்தேன். கடைசிப் படம் முதலில் விரிந்தது. முழுச் சிறுத்தை. நான் உள்ளங்கை ஊன்றிய அதே இடத்தில் மூக்கை வைத்து முகர்ந்துகொண்டிருந்தது.

ரேஞ்சர் எழுந்து வந்து படத்தின் அடியில் பார்த்தார். ஜனவரி 1, 12:19.

“இது எந்தக் காலத்துப் படம்மா? எங்க எடுத்தது?”

நாலு நாளாக என் முகத்தில் இருந்த அதே பார்வை அவர் முகத்தில்.

“பேட்டரி மாத்தினது நான்தான் சார். தேதி வைக்க மறந்துட்டேன்.”

“நீங்களா? மறந்தீங்களா?”

கணவர் என்னைக் குத்திக்காட்டியிருக்கலாம். காட்டவில்லை. எட்டி, முந்தைய படத்துக்கான பட்டனை மட்டும் அழுத்தினார். ஐயோ! தலைமுடி கலைந்து, வாயை அகலத் திறந்து, நாலு காலில் நான். ஓரத்தில் அவருடைய இரண்டு கால்கள். ஜனவரி 1, 12:04.

ரேஞ்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு அடக்குவதற்குச் சிரிப்பே இருக்கவில்லை. அவர் விரல் மெல்லத் திரையின் மேல்மூலைக்குப் போனது. எனக்குப் பத்தடி பின்னால், புல்லுக்கு மேலே இரண்டு வட்டக் காதுகள். இரண்டும் எங்கள் சண்டைப் பக்கமாகத் திரும்பியிருந்தன.