அடிக்குறிப்பில் பதினோரு பேர்

என் தம்பி பொருளாதாரப் பேராசிரியர். செயற்கை நுண்ணறிவு வந்தா ஊழியர் சம்பளம் என்ன ஆகும்னு ஆராய்ச்சி பண்றவன். அதுக்கு உள்ளே உட்கார்ந்து கவனிக்க ஒரு ஆபீஸ் வேணும்னு வந்து நின்னான். நான் வேலை பார்த்த இன்சூரன்ஸ் கம்பெனியில மேனேஜர் கையைக் காலைப் பிடிச்சு அவனை உள்ளே விட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

போன்ல பதில் சொல்ற நாற்பது பேர் நாங்க. எங்களுக்குப் பதிலா பேசுற மெஷின் வந்துச்சு. எட்டாவது மாசம் என்னையும் சேர்த்து பதினோரு பேரைக் கூப்பிட்டு, நாங்களா ராஜினாமா பண்ற மாதிரி மிரட்டிக் கையெழுத்து வாங்கினாங்க. தம்பி அதே ரூம்ல நோட்டோட உட்கார்ந்திருந்தான். மிச்சப் பேருக்குக் கொஞ்சம் சம்பளம் ஏத்தினாங்க.

அவன் கட்டுரை வெளிவந்துச்சு. மெஷின் வந்தப்புறம் சராசரிச் சம்பளம் பன்னிரண்டு சதவீதம் கூடிடுச்சாம். கீழே பொடி எழுத்துல ஒரு அடிக்குறிப்பு: பதினோரு பேர் தாமாக விலகியதால் சேர்க்கப்படவில்லை.

நேரா காலேஜ்ல அவன் ரூமுக்குப் போனேன். "தானாவாடா விலகினோம்?"

"கம்பெனி ரெக்கார்டுல அப்படித்தான்க்கா இருக்கு."

"நீ கண்ணால பார்த்தியே. நாங்க கொடுத்த புகார் மேல திங்கட்கிழமை தொழிலாளர் அதிகாரிகிட்ட விசாரணை. ஜெயிச்சா பதினோரு பேருக்கும் வேலை திரும்பக் கிடைக்கும். பார்த்ததை ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு."

"எழுதினா உங்க பதினோரு பேரையும் கணக்குல சேர்த்துக்கணும். சேர்த்தா சராசரி இறங்கிடும், கட்டுரையே தப்புன்னு ஆயிடும். அடுத்த மாசம் எனக்குப் பதவி உயர்வுக்கா." அப்புறம் மெதுவா, "உனக்கு மாசாமாசம் நான் ஏதாவது தரேனே."

உன் பிச்சையை நீயே வெச்சுக்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

விசாரணையில கம்பெனி வக்கீல் அந்த அடிக்குறிப்பை மட்டும் சத்தமா படிச்சார். அது பொய்னு சொன்னேன்.

அதிகாரி தன்மையான மனுஷன். "அப்போ எழுதினவர்கிட்டயே ஒரு கடிதம் வாங்கிட்டு வரலாமேம்மா?"

"கேட்டேன் சார். தரலை."

"முன்பின் தெரியாதவங்களுக்கு எப்படித் தருவார்?"

"என் கூடப்பொறந்த தம்பிதான் சார்." வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

வக்கீல் அவசரமே படலை. "சொந்த அக்கா கேட்டே எழுதித் தரலைன்னா, இவங்க சொல்றது எவ்வளவு உண்மைன்னு நீங்களே பார்த்துக்கங்க சார்."

அதிகாரி என் முகத்தைப் பார்க்கலை. குனிஞ்சு அதை எழுதிக்கிட்டார்.